கண்ணுக்குத் தெரியாததைச் சொல்லுங்கள்

கேள்வி: குரும்பலூரில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை நான். ஒவ்வொரு பொங்கலுக்கும் கோவையிலிருந்து மகன் குடும்பம் வரும். வேன் பிடித்து ஒரே நாளில் ரஞ்சன்குடி கோட்டை, சாத்தனூர் கல்மரம், கங்கைகொண்ட சோழபுரம் என்று சுற்றிவிட்டு இரவு பத்து மணிக்கு வீடு திரும்புவோம். மறுநாள் கேட்டால் எது எங்கே இருந்தது என்று பேரப்பிள்ளைகளுக்கு நினைவில்லை. வெளிநாட்டுக்குப் போய்வந்த மகன், அங்கே காதில் ஆடியோ கைடு மாட்டிக்கொண்டு தானாகவே நடந்து ஊர் பார்த்ததாகச் சொன்னான். நம் பக்கத்துக்கு அப்படி ஒன்றைத் தேடினேன், கிடைக்கவில்லை. நானே தயாரிக்க முடியுமா? கதை சொல்லத் தெரியும். கைபேசியில் வாட்ஸ்அப் தாண்டி எதுவும் தெரியாது.
— ஒரு வாசகி, குரும்பலூர்

பதில்: தாராளமாக முடியும், அம்மா. வாட்ஸ்அப் போதும். ஆனால் முதல் வேலையாக அந்த வேனை ரத்து செய்யுங்கள். ஒரு நாளுக்கு ஓர் இடம், அங்கே இரண்டு கிலோமீட்டருக்கு மிகாத நடை. இதற்குச் சம்மதம் என்றால் மேலே படியுங்கள். மூன்று இடத்தையும் ஒரே நாளில் பார்த்தே ஆக வேண்டும் என்றால் ஆடியோ கைடு உதவாது. வேன் ஓட்டுநர் சொல்வதே போதும்.

காதில் கேட்டுக்கொண்டே பார்க்கும் பழக்கம் புதிதல்ல. 1952-லேயே ஆம்ஸ்டர்டாம் நகரின் ஸ்டெடலிக் அருங்காட்சியகத்தில் பார்வையாளர்கள் சிறு ரேடியோ கருவியைக் காதில் வைத்து விளக்கம் கேட்டார்கள். இன்று வாய்ஸ்மேப், இசி.டிராவல் போன்ற செயலிகள் இருக்கின்றன. நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதை ஜிபிஎஸ் மூலம் அறிந்து, அந்த இடத்துக்குரிய ஒலிப்பதிவை அவை தாமாகவே ஓடவிடும். நம் நாட்டில் மத்திய சுற்றுலா அமைச்சகம் 2019-ல் ‘ஆடியோ ஓடிகோஸ்’ என்ற செயலியைத் தொடங்கியது. அதன் முதல் பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து மாமல்லபுரம் இருந்தது. பயணிகள் குவியும் ஊர்களுக்குத்தான் இந்த வசதி முதலில் வரும். குரும்பலூருக்கு வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை.

எதைச் சொல்வது?

புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிவதையே காதிலும் சொல்வார்கள். “எதிரே உயரமான கோபுரம் தெரிகிறது” என்று சொல்ல ஒரு குரல் எதற்கு? கேட்பவர் அங்கேதானே நிற்கிறார்! அந்த இடத்தில் ஒரு காலத்தில் இருந்து இப்போது இல்லாமல் போனதை, நடந்து முடிந்து தடயமே இல்லாததைச் சொல்லுங்கள். அந்தக் கணக்கில் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள் பெரும் பணக்கார மாவட்டங்கள். இங்கே முக்கியமான பலதும் கண்ணில் படாதவை.

சாத்தனூரையே எடுத்துக்கொள்வோம். ஓடையோரம் 18 மீட்டர் நீளத்துக்கு மரம் ஒன்று கல்லாகிக் கிடக்கிறது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த எம்.எஸ். கிருஷ்ணன் 1940-ல் இதைக் கண்டறிந்தார். இன்று அது தேசியப் புவியியல் நினைவுச்சின்னம். பத்து வயதுப் பிள்ளைக்கோ அது விழுந்து கிடக்கும் ஒரு கல்தூண், இரண்டு நிமிடத்தில் “போலாமா ஆயா?” என்று கேட்டுவிடும். அவன் கண்ணுக்குத் தெரியாதது கடல். சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்த வட்டாரத்தில் கடல் இருந்தது. கரையில் வளர்ந்த ஊசியிலை வகை மரம் ஆற்று வெள்ளத்தில் அடித்து வரப்பட்டு, கடலடிச் சேற்றில் புதைந்தது. நீரில் கரைந்திருந்த சிலிக்கா மரத்தின் உள்ளே ஊறி, மரத்தின் இடத்தைக் கல்லாக நிரப்பியது. இதைக் கேட்டுக்கொண்டே பையன் சுற்றிலும் உள்ள வறண்ட மேட்டைப் பார்க்கட்டும். பார்ப்பது மரத்தை, நினைப்பது கடலை என்றால் உங்கள் குரல் வேலை செய்துவிட்டது.

அதே கடலை அரியலூர் சாலையிலும் தொடரலாம். அங்கே வரிசையாகப் போகும் சிமெண்ட் லாரிகளைச் சபிக்காதவர் இல்லை. ஆலைகளுக்கு மூலப்பொருளான சுண்ணாம்புக்கல், அந்தக் கடலடியில் சிப்பிகளும் நுண்ணிய உயிர்களின் ஓடுகளும் படிந்து உண்டானது. கோவையில் மகன் குடியிருக்கும் அடுக்குமாடி வீட்டுச் சுவரிலும் நம் ஊர்க் கடலின் துளி இருக்கலாம் என்று சொல்லுங்கள். மருமகளும் திரும்பிப் பார்ப்பார். புதைபடிவங்களை நேரில் காட்ட வாரணவாசி அருங்காட்சியகம் இருக்கிறது. காரை கிராமத்துப் பக்கத்து மேடுகளில் கண்ட கல்லையெல்லாம் பையில் போட்டுக்கொள்ளக் கூடாது என்பதையும் உங்கள் குரலிலேயே பதிவு செய்துவிடுங்கள்.

கங்கைகொண்ட சோழபுரத்தில் எல்லோரும் ஏறத்தாழ 55 மீட்டர் உயர விமானத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். பார்க்கட்டும், அப்போது பேசாதீர்கள். பேச வேண்டிய இடம் மதில். 1836-ல் கொள்ளிடத்தின் குறுக்கே அணைக்கரையில் கீழணை கட்டியபோது, இந்தக் கோயிலின் சுற்றுமதில் கற்களைப் பெயர்த்து எடுத்துப் போனார்கள். அங்கே ஓட வேண்டிய பதிவு ஏறக்குறைய இப்படி இருக்கலாம்:

“விமானத்துக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். வேலி தாண்டி உங்கள் முன்னால் வெட்டவெளி தெரிகிறதா? அங்கே கல் மதில் இருந்தது. ராஜேந்திர சோழன் காலத்துக் கல். ஏறத்தாழ 800 ஆண்டுகள் நின்றது. பிறகு மாட்டு வண்டியில் ஏறி அணைக்கரைக்குப் போனது. கோயிலுக்குக் காவலாக நின்ற கல் இப்போது தண்ணீரைத் தடுத்துக்கொண்டிருக்கிறது. அடுத்த முறை அணைக்கரைப் பாலத்தில் பஸ் போகும்போது ஜன்னலோரம் உட்காருங்கள். இனி ஒரு நிமிடம் நான் பேச மாட்டேன்.”

கவனித்தீர்களா? முதலில் எங்கே நிற்க வேண்டும் என்ற குறிப்பு, பிறகு கதை, கடைசியில் மௌனம். ஒவ்வொரு பதிவுக்கும் இதுவே வரிசை. பக்கத்திலுள்ள மாளிகைமேட்டுக்கும் பொருந்தும். 250 ஆண்டுகள் சோழர் தலைநகராக இருந்த ஊரின் அரண்மனை அங்கே செங்கல் அடித்தளமாக மட்டும் மிஞ்சியிருக்கிறது. தொல்லியல் துறை தோண்டியபோது கூரை ஓடுகளும் சீனப் பீங்கான் துண்டுகளும் கிடைத்தன. உடைந்த ஒரு பீங்கானிலிருந்து கடல் வாணிபத்தைப் பேசலாம். ரஞ்சன்குடியில் 1751-ஐப் பேசுங்கள்: ஆங்கிலேயர் துணையுடன் முகமது அலியும் பிரெஞ்சுக்காரர் துணையுடன் சந்தா சாகிபும் மோதிய வாலிகண்டபுரப் போர். இன்று திருச்சி–சென்னை நெடுஞ்சாலையில் விரையும் யாருக்கும் அங்கே ஒரு போர்க்களம் இருந்தது தெரியாது.

சில கதைகளை அந்தந்த இடத்துக்கே கூட்டிப்போய்ச் சொல்லக் கூடாது. 1956 நவம்பர் 23 அன்று அரியலூருக்கு அருகே மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் இற்றுப்போய், தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து 140 பேருக்கு மேல் இறந்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். தண்டவாளத்தின் அருகே பிள்ளைகளை அழைத்துப் போக வேண்டாம்; அரியலூர் ரயில் நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்து கேட்டாலே போதும்.

யார் குரலில்?

அமெரிக்காவின் அல்கட்ராஸ் தீவுச் சிறையில் 1987 முதல் ஓடும் ஆடியோ கைடு உலகப் புகழ்பெற்றது. காரணம், அதில் பேசுபவர்கள் அங்கே வேலை பார்த்த காவலர்களும் அடைபட்டிருந்த கைதிகளும்தான். நம் பத்துப்பாட்டு மலைபடுகடாமிலும், குறுநில மன்னன் நன்னனிடம் போய்ப் பரிசு பெற்றுத் திரும்பிய கூத்தர்தான் போகவிருப்பவர்களுக்கு வழி சொல்கிறார். அனுபவித்தவர் சொன்னால் ஒரு வாக்கியமும் எடை கூடும்.

ஆகவே முதல் நடையைக் கல்மரத்திலோ கோட்டையிலோ தொடங்காமல் உங்கள் ஊரிலேயே தொடங்குங்கள். பள்ளியில் உங்களிடம் படித்தவர்களில் சின்ன வெங்காயம் போடுபவர் ஒருவராவது இருப்பார். வெங்காயப் பட்டறை எப்படிப் போடுவது, அடியில் காற்றோட்டம் ஏன் வேண்டும், மழை பிடித்தால் என்ன ஆகும் என்று அவரே பேசட்டும். ஏரி நிரம்பிய வருடத்தை ஏரிக்கரை வீட்டுப் பாட்டி சொல்லட்டும். துறையூர் பஸ்ஸில் தினமும் வேலைக்குப் போய்வந்தவர் பஸ் நிறுத்தத்தைப் பற்றிச் சொல்லட்டும். பதிவு செய்யும் முன் அனுமதி கேளுங்கள். முடித்ததும் அவர்களுக்கே போட்டுக் காட்டுங்கள். கடைசிப் பதிவை மட்டும் நீங்கள் பேசுங்கள். பேரன் உங்கள் குரலை எத்தனை முறை கேட்டிருந்தாலும், நீங்கள் வேலைக்குச் சேர்ந்த நாள் பள்ளி வாசல் எப்படி இருந்தது என்று அதே வாசலில் நின்று கேட்டிருக்க மாட்டான்.

எப்படிச் செய்வது?

எழுதும் முன் பாதையை இருமுறை நடந்துவிடுங்கள்: ஒருமுறை காலையில், ஒருமுறை மாலையில். வெயில் எங்கே விழும், எங்கே உட்கார இடம் இருக்கும், நாய்த் தொல்லை எங்கே என்பது நாற்காலியில் உட்கார்ந்தால் தெரியாது. ஒரு நடைக்கு எட்டு இடங்கள் போதும். ஓர் இடத்துக்கு ஒன்றரை நிமிடம். நிதானமாகப் பேசினால் 150 சொற்கள். எழுதியதைச் சத்தம் போட்டுப் படியுங்கள். மூச்சு முட்டும் வாக்கியத்தை இரண்டாக உடையுங்கள்.

அடையாளமாக எளிதில் மாறாத ஒன்றைச் சொல்லுங்கள். டீக்கடை அடுத்த வருடம் செல்போன் கடையாகலாம். ஏரி மதகு மாறாது. “நின்று கேளுங்கள்”, “இனி நடக்கலாம்” என்பதைத் தெளிவாகப் பிரித்துச் சொல்லுங்கள். சாலையில் நடந்துகொண்டே கேட்கும் பகுதி இருக்கவே கூடாது. நடக்கும்போது ஒரு காதாவது திறந்திருக்க வேண்டும்.

ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, துணி பீரோ பக்கத்தில் உட்கார்ந்து பதிவு செய்தால் எதிரொலி குறையும். கோப்புகளுக்கு 1, 2, 3 என்று எண் கொடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அனுப்புங்கள். கிளம்பும் முன் வீட்டு வைஃபையிலேயே எல்லோரும் இறக்கிவைத்துக்கொள்ளட்டும். வெளியில் சிக்னல் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். பழகிய பிறகு ஜிபிஎஸ் செயலிக்கு மாறலாம். அப்போது இரண்டு இடங்களுக்கு நடுவே 40 மீட்டராவது இடைவெளி விடுங்கள். நெருக்கினால் ஒன்றுக்குப் பதில் மற்றொன்று ஓடிவிடும்.

கோயில்களுக்கு ஒரு விதி உண்டு. தமிழகக் கோயில்களுக்குள் கைபேசியைத் தடை செய்யும்படி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. எனவே உங்கள் பதிவு வாசலோடு முடியட்டும். உள்ளே மணியோசையும் ஓதுவார் குரலும் போதும். ஓடைப் பகுதிகளை மழைக்காலத்தில் தவிருங்கள். தை, மாசிக் காலை ஆறரை முதல் ஒன்பது வரை நடக்க நல்ல நேரம்.

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். பதிவு செய்த குரலிடம் எதிர்க்கேள்வி கேட்க முடியாது. காதை அடைத்துக்கொண்டு நடப்பவரிடம் ஊர்க்காரர்கள் பேச்சுக் கொடுக்கவும் தயங்குவார்கள். அதனால் முதல் பதிவிலேயே ஒரு கட்டளை போடுங்கள்: “வழியில் யாராவது ‘யாரு வீட்டுப் பிள்ளை?’ என்று கேட்டால் என்னை நிறுத்திவிட்டு அவரிடம் பேசு.” அந்தப் பேச்சு நீண்டு, மீதி பதிவுகள் கேட்கப்படாமலே போனாலும் நஷ்டமில்லை. மெதுவாகப் பயணம் செய்வதில் கிடைக்கும் லாபமே அதுதான்.

பொங்கலுக்கு முன்பே ஒரு வெள்ளோட்டம் பாருங்கள். குரும்பலூரைத் தெரியாத ஒருவரைத் தனியாக நடக்கவிட்டுப் பத்தடி பின்னால் போங்கள். அவர் எங்கே தயங்கி நிற்கிறாரோ அங்கே வழிக்குறிப்பு சரியில்லை. எங்கே கைபேசியைப் பார்க்கத் தொடங்குகிறாரோ அங்கே பேச்சு நீளம். முடிந்ததும் “என்ன கேட்டீர்கள்?” என்று கேட்காமல் “என்ன பார்த்தீர்கள்?” என்று கேளுங்கள். நீங்கள் சொன்னதையே திருப்பிச் சொன்னால் பாதியை வெட்டுங்கள். நீங்கள் சொல்லாத ஒன்றை அவர் சொன்னால், பேரப்பிள்ளைகளுக்கு அப்படியே அனுப்பிவிடலாம்.