நோட்டில் திருத்திய நெடில்கள்

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு வேலைக்குப் போன நாட்களில், பஸ் மலையேறும் நேரம்தான் என் இத்தாலிய வகுப்பு. கையில் ஒரு நோட்டு. வினைச்சொற்களையெல்லாம் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருந்தேன்.

அதில் 'வசிக்கிறார்கள்' என்பதற்கு 'அபிதானொ' என்றிருந்தது. படிப்புக்கான தொலைபேசி நேர்காணலில் அப்படியே சொன்னேன். எதிர்முனையில் பேசிய அம்மாவுக்குப் புரியவில்லை. மூன்றாம் முறை அவரே மெதுவாகச் சொன்னார்: 'ஆபிதனொ'. அழுத்தம் முதல் அசையில். நம் 'கிறார்கள்' கடைசியில் நீள்கிறதல்லவா, அந்தப் பழக்கத்தில் நானும் பின்னால் நீட்டியிருக்கிறேன்.

அன்றிரவே நோட்டைத் திருத்தினேன். அழுத்தம் விழும் அசை உயிரில் முடிந்தால் நெடில் போட்டேன். மற்ற இடமெல்லாம் குறில். வெதேரெ (பார்க்க), பர்லாரெ (பேச). அசை ஒற்றில் முடிந்தால் நீட்டல் வேண்டாம், ஒற்றே எடை தரும்: லெஜ்-ஜெ-ரெ (படிக்க), நம் அப்-பா போல.

இத்தாலியர்கள் சொல்லின் நடுவில் அழுத்தத்தைப் பொதுவாகக் குறிப்பதில்லை. எனக்கு அதைக் குறிக்க உதவிய எ-ஏ, ஒ-ஓ வேறுபாட்டை நம் எழுத்தில் தெளிவாக்கியவர் என்று நாம் படிக்கும் வீரமாமுனிவர், 1680-இல் இத்தாலியில் பிறந்தவர். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறையும்.

'ஆரெ' என்று முடியும் வினைகளில் பன்மைக்கு ஒரு வழி: 'அவன்' வடிவத்தை முதலில் படியுங்கள், பிறகு 'னொ' சேருங்கள். அழுத்தம் நகராது. ஆபித, ஆபிதனொ. தெலேஃபொன, தெலேஃபொனனொ, இங்கே அழுத்தம் கடைசியிலிருந்து நான்காம் அசை! 'நாம்', 'நீங்கள்' வடிவங்களில் மட்டும் அது விகுதிக்குத் தாவும்: பர்ல்யாமொ, பர்லாதெ.

என்னிடம் படிக்கும் ஜவ்வாதுமலைப் பெண் ஒருத்தி, "அக்கா, கபி-தா-னொ, மூணு அசைதானே?" என்றாள். யாப்பில் 'கபி' நிரையசை, ஒன்றுதான். இத்தாலியத்தில் பொதுவாக உயிருக்கு ஓர் அசை: க-பி-தா-னொ. இது கப்பல் தலைவன். நெடிலை முன்னால் தள்ளி 'காபிதனொ' என்றால் 'நேர்கின்றன'.

நெடில் உதவாத இடமும் உண்டு. 'பர்லொ' என்றால் பேசுகிறேன். கடைசி அசையை அழுத்தினால் அவன் பேசினான். அங்கே நீட்டக் கூடாது, சட்டென்று அறைந்து நிறுத்த வேண்டும். அதற்கு மட்டும் இத்தாலியர்களைப் போலவே எழுத்தின் தலையில் ஒரு சாய்கோடு இழுத்துக்கொள்கிறேன்.