சுவரில் ஏறும் கொடி

கேரளத்தில், கொச்சிக்குக் கிழக்கே இருக்கும் ஊர் காக்கநாடு. எர்ணாகுளம் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இங்கேதான் உள்ளது. இன்று இங்கு வீடுகள் நெருங்கி நிற்கின்றன. பல வீடுகளில் தோட்டம் போட இடம் இல்லை. ஆனால் சுவர் இருக்கிறது.

சுவரில் கொடி ஏற்றலாமா? ஏற்றலாம். ஆனால் எந்தக் கொடி எப்படிப் பிடித்து ஏறும் என்று முதலில் தெரிய வேண்டும்.

மிளகுக் கொடியைப் பாருங்கள். கொச்சியின் மட்டாஞ்சேரியில் பல நூற்றாண்டுகளாக மிளகு வணிகம் நடந்தது. இந்தக் கொடியின் கணுக்களில் சிறு வேர்கள் முளைக்கும். அவை மரத்தைப் பற்றிக்கொள்ளும், சுவரையும் பற்றும்.

அவரைக் கொடியும் சங்குப்பூக் கொடியும் அப்படி அல்ல. அவை கம்பைச் சுற்றிச் சுற்றி ஏறும். கோவை, பாகல், புடலைக் கொடிகளில் சுருள் சுருளாக இழைகள் வரும். அந்த இழைகள் கயிற்றைப் பிடித்துக்கொள்ளும்.

கொச்சியில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லி மீட்டர் மழை பெய்கிறது. இது சென்னை மழையைப் போல இரண்டு மடங்கு. வேரால் ஒட்டும் கொடி சுவரை மூடினால் ஈரம் காயாது. கொடியைப் பிடுங்கினால் பூச்சும் பெயர்ந்து வரும். ஆகவே மிளகுக் கொடியைக் கல்யாண முருங்கை மரத்தில் ஏற்றுவதே நல்லது.

சுவர் ஓரத்துக்குக் கோவைக்கொடி ஏற்றது. அதை வளர்க்கும் முறை இதுதான்:

1. வெயில் படும் மேற்குச் சுவரைத் தேர்ந்தெடுங்கள்.
2. சுவரிலிருந்து இரண்டடி தள்ளிக் குழி தோண்டுங்கள். மக்கிய எரு இடுங்கள்.
3. மழை தொடங்கியதும் முற்றிய கோவைத் தண்டை நடுங்கள்.
4. சுவருக்கும் கொடிக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விட்டு, கம்பு நட்டுக் கயிறு கட்டுங்கள்.

இடைவெளியில் காற்று புகும். சுவர் காயும். இலைகள் மாலை வெயிலை மறைக்கும். வீட்டுக்குள் சூடு குறையும். சமையலுக்குக் காயும் கிடைக்கும்.

கொடி ஓட்டுக் கூரையில் ஏறினால் வெட்டி விடுங்கள். விட்டால் ஓடு நகரும், மழைநீர் ஒழுகும்.

சுவர் வெடிப்பில் அரசங்கன்று, ஆலங்கன்று முளைத்தால் சிறிதாக இருக்கும்போதே பிடுங்குங்கள். வேர் தடித்தால் சுவர் பிளக்கும்.

கொடி வீட்டுக்கு நிழல் தரட்டும். சுவருக்குச் சுமையாக வேண்டாம்.

பேசிப் பாருங்கள்:
உங்கள் வீட்டில் மாலை வெயில் எந்தச் சுவரில் விழுகிறது? அங்கே எந்தக் கொடியை நடுவீர்கள்?