தொப்பை அருவியில் கரையுமா?

சாரல் விழத் தொடங்கியதும் குற்றாலத்தில் எண்ணெய் மசாஜ் செய்பவர்களுக்கு ஓய்வில்லை. 'தேய்த்துக் குளித்தால் தொப்பை கரையும்' என்ற பேச்சும் அப்போதே தொடங்கிவிடும். உடம்பு வலி குறையலாம், தூக்கம் நன்றாக வரலாம். கொழுப்பு மட்டும் எண்ணெய்க்கும் அசையாது, ஐந்தருவித் தண்ணீருக்கும் அசையாது. குளித்தால் பசி எடுக்கும் என்பது உண்மைதான். பக்கத்திலுள்ள பிரானூர் பார்டர் புரோட்டாக் கடைகளின் கூட்டமே சாட்சி.

இன்னொரு பக்கம், எடை குறைக்கச் செய்யும் இரைப்பை பைபாஸ் அறுவைசிகிச்சை பற்றியும் கதைகளுக்குக் குறைவில்லை.

'வயிற்றுக் கொழுப்பை வெட்டி எடுத்துவிடுவார்கள்.'

இந்த அறுவைசிகிச்சையில் கொழுப்பைத் தொடுவதே இல்லை. இரைப்பையின் மேற்பகுதியை மட்டும் சுமார் 30 மில்லி கொள்ளும் சிறு பையாகப் பிரித்து, அதைச் சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு நேராக இணைப்பார்கள். மிச்ச இரைப்பையும் முன்சிறுகுடலும் உள்ளேயே இருக்கும், ஆனால் உணவு அந்த வழியாகப் போகாது. அல்சருக்காக இரைப்பையில் ஒரு பகுதி நீக்கப்பட்டவர்கள் இளைத்துப் போவதைக் கவனித்துத்தான் அமெரிக்காவின் அயோவாவில் எட்வர்ட் மேசன் என்ற அறுவைசிகிச்சை மருத்துவர் 1966-ல் இரைப்பை பைபாஸைத் தொடங்கினார். சாப்பாடு குறைவதோடு, பசியையும் சர்க்கரையையும் ஆளும் குடல் ஹார்மோன்களும் மாறுகின்றன.

'கொஞ்சம் குண்டாக இருந்தாலே செய்துகொள்ளலாம்.'

அழகுக்காகச் செய்வதல்ல இது. இந்தியாவில் நெடுநாள் இருந்த அளவுகோல், உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பிஎம்ஐ 37.5, சர்க்கரை போன்ற நோய் இருந்தால் 32.5. 160 செ.மீ. உயரமுள்ளவருக்கு முறையே 96 கிலோ, 83 கிலோ. 2022-ல் சர்வதேச அமைப்புகள் ஆசியர்களுக்கு இதை 27.5 வரை தளர்த்தின. அளவு தளர்ந்ததால் ஆபத்து தளர்ந்துவிடவில்லை. 2024 ஏப்ரலில் எடை குறைக்கச் சென்னைக்கு வந்த புதுச்சேரி இளைஞர் ஒருவர் சிகிச்சையின்போது இறந்ததும், அரசு விசாரணை நடந்ததும் நினைவிருக்கலாம். அனுபவமுள்ள குழுவும் தீவிர சிகிச்சைப் பிரிவும் உள்ள இடத்தில் உயிரிழப்பு அபூர்வம். அதனால் கட்டணத்தைக் கேட்கும் முன் இவை இரண்டும் உண்டா என்று கேளுங்கள்.

'சர்க்கரை நோய் போயே போய்விடும்.'

எடை குறையும் முன்பே, சில நாட்களில் சர்க்கரை இறங்குவது உண்டு. பலருக்கு மாத்திரையும் குறையும். ஆனால் 2017-ல் வெளியான, அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் மருத்துவமனை ஆய்வில், ஐந்தாண்டு முடிவில் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6 அல்லது அதற்குக் கீழே இருந்தவர்கள் பைபாஸ் செய்தவர்களில் 29 சதவீதம். மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5 சதவீதம். பெரிய வித்தியாசம்தான், ஆனால் உத்தரவாதம் இல்லை.

'ஆபரேஷன் முடிந்தால் எல்லாம் முடிந்தது.'

என் கணக்கில் இதுதான் ஆளைக் கவிழ்க்கும் நம்பிக்கை. இரும்பும் கால்சியமும் அதிகம் உறிஞ்சப்படும் முன்சிறுகுடலை உணவு தாண்டிப் போகிறது. பி12 சேர்வதும் குறைகிறது. எனவே சத்து மாத்திரைகள் ஆயுள் முழுக்க. மூன்றாம் மாதம் முடி கொட்டினால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் திரும்ப வளரும். புரதத்தைக் குறைத்தால்தான் வம்பு. நிற்காத வாந்தி வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போகவேண்டும். வாந்தியால் தயமின் என்ற பி1 வைட்டமின் குறைந்தால் மூளையும் நரம்பும் பாதிக்கப்படும்.

திருநெல்வேலி அல்வா? ஒரு துண்டு இறங்கிய அரைமணிக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு வரலாம். இனிப்பு நேராகக் குடலுக்குள் பாய்வதால் வருவது இது. சிலருக்கு ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை தாழ்ந்து மயக்கமும் வரும். பார்டர் புரோட்டாவுக்கு நிரந்தரத் தடை இல்லை. சில மாதம் கழித்து, முதலில் கோழியை மென்று தின்றுவிட்டு, இடமிருந்தால் ஒரு விள்ளல். சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது. அரைமணி இடைவெளி வேண்டும். மது விறுவிறுவென ஏறும், அடிமையாகும் ஆபத்தும் கூடும். பெண்கள் ஒன்று ஒன்றரை வருடம் கருத்தரிப்பைத் தள்ளிப்போடுவது நல்லது. அருவிக் குளியல், காயம் ஆறி மருத்துவர் சரி என்ற பிறகு.

முழங்கால் வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென் வேண்டவே வேண்டாம்; புது இணைப்பில் புண் வரும். புகையும் அப்படியே. டிஸ்சார்ஜ் சம்மரியை எப்போதும் கையில் வைத்திருங்கள். எந்த ஊரில் எதற்காக டாக்டரைப் பார்த்தாலும், மாத்திரை எழுதும் முன் அதைக் காட்டுங்கள்.