வீட்டுப் பட்டறைக்கு ஒரு வெல்டிங் இயந்திரம்: வாங்குமுன் அறிய வேண்டியவை

காலபோக உழவு மும்முரமாக நடக்கும் வேளையில், இரு சக்கர உழவு இயந்திரத்தின் இரும்புச் சில்லில் ஒரு தகடு விட்டுப்போனால் என்ன நடக்கும் என்பதைக் கண்டாவளைப் பகுதி விவசாயிக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. சில்லைக் கழற்றிப் பரந்தனுக்கோ தருமபுரத்துக்கோ கொண்டுபோக வேண்டும். அங்கே முன்னர் வந்தவர்களின் வேலை முடியும்வரை காத்திருக்க வேண்டும். ஒட்டுவதற்குச் செல்வது பத்து நிமிடந்தான். போவது இரண்டு நாள். அந்த இரண்டு நாளில் பக்கத்து வயல்காரர் விதைத்து முடித்துவிடுவார். மழை பிடித்துக்கொண்டால் நம்முடைய வயல் சேறாகிவிடும்.

1990களிலும் அதன் பின்னர் 2009இல் போர் முடியும்வரையும் வன்னியின் பெரும்பாலான கிராமங்களுக்குத் தேசிய மின்சாரம் இருக்கவில்லை. ஆகவே உருக்கி ஒட்டும் வேலை மின்பிறப்பாக்கி வைத்திருந்த சிலரின் தொழிலாகவே இருந்தது. மீளக் குடியேறிய குடும்பங்கள் பல, கலப்பையும் பெட்டியும் தண்ணீர்ப் பம்பியும் இல்லாமலே, அல்லது கறள் பிடித்த மிச்சத்துடனே, மீண்டும் தொடங்கின. 2018 டிசம்பர் வெள்ளம் அவற்றிலும் ஒரு பங்கைக் கொண்டுபோனது. இப்போது வீடுகளுக்கு மின்சாரம் வந்துவிட்டது. கையில் தூக்கிச் செல்லக்கூடிய சிறிய வெல்டிங் இயந்திரங்கள் நகரக் கடைகளில் கிடைக்கின்றன. வெளிநாட்டில் பொழுதுபோக்குக்காக இரும்பு வேலை செய்வோருக்கென்று உருவான இந்தச் சிறிய இயந்திரங்களே நமது வீட்டுத் திருத்த வேலைக்கும் அளவானவை. ஆனால் தவறானதை வாங்கினால் அது ஒரு மாரிக்குள் மூலையில் கிடக்கும் பெட்டியாகிவிடும். அதற்காகப் பெற்ற கடன் மட்டும் வாரந்தோறும் வாசலுக்கு வரும்.

முதலில் ஒரு கணக்குப் பார்க்க வேண்டும். சென்ற ஆண்டில் எத்தனை தடவை ஒட்டு வேலைக்குப் போனீர்கள், அதற்குக் கூலியும் போக்குவரத்துமாக எவ்வளவு செலவாயிற்று என்று எழுதிப் பாருங்கள். இரண்டு மூன்று தடவைதான் என்றால் இயந்திரம் வேண்டாம். அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல கிறைண்டரும் ஒரு துளைகருவியும் வாங்கி, நட்டும் போல்ற்றும் போட்டே பாதி வேலையை முடித்துக்கொள்ளலாம். ஐந்தாறு குடும்பங்கள் உள்ள கமக்காரர் அமைப்போ மாதர் சங்கமோ சேர்ந்து ஒன்றை வாங்குவது நல்லது. ஆனால் இயந்திரம் யாருடைய வீட்டில் நிற்கும், பழுதானால் யார் திருத்துவது என்பவற்றை வாங்குமுன்னரே எழுதிக்கொள்ளுங்கள். நுண்கடன் எடுத்து மட்டும் இதை வாங்காதீர்கள். வெல்டிங் இயந்திரம் பால்மாடு போன்றதல்ல. வாங்கிய மறுநாளே வருமானம் தராது.

எந்த வகை?

கடைக்காரர் மூன்று வகையைக் காட்டுவார். கம்பிச் சுருளும் வாயுச் சிலிண்டரும் கொண்ட 'மிக்' வகை, மோட்டார் வாகனத் தகட்டு வேலைக்கு மிகச் சிறந்தது. ஆனால் அதன் வாயு திறந்த வெளியில் காற்றுக்குக் கலைந்துவிடும். வாடைக்காற்றும் சோளகமும் வீசும் நமது முற்றத்துக்கு அது ஒத்துவராது. சிலிண்டரை நிரப்புவதும் சிரமம். 'டிக்' வகை துருப்பிடிக்காத உருக்குக்கும் அலுமினியத்துக்கும் உரிய நுண்வேலை. அதை இங்கே விட்டுவிடலாம். நமக்குரியது பூச்சுப் பூசிய றொட்டைக் கவ்வியில் பிடித்து ஒட்டும் சாதாரண முறையே. 1904இல் சுவீடன் நாட்டைச் சேர்ந்த ஒஸ்கார் ஷெல்பேர்க் என்பவர் இந்தப் பூச்சு றொட்டைக் கண்டுபிடித்தார். பூச்சு எரியும்போது எழும் புகையும் கசடும் உருகிய இரும்பைக் காற்றிலிருந்து காக்கின்றன. ஆகையால் தனியாக வாயு வேண்டியதில்லை. இலேசான காற்றிலும் வேலை செய்யலாம்.

இந்த முறைக்கு இரண்டு விதமான இயந்திரங்கள் உண்டு. ஒன்று பழைய மின்மாற்றி வகை. உள்ளே செப்புக் கம்பியும் இரும்புத் தகடுமே இருக்கும். இரண்டு பேர் தூக்க வேண்டிய பாரம். ஆனால் எளிதில் பழுதாகாது. பழுதானாலும் மோட்டார் சுற்றும் கடையில் திருத்திவிடலாம். மற்றது இன்வேட்டர் வகை. ஐந்தாறு கிலோதான் இருக்கும். நேர்மின்னோட்டம் தருவதால் தீப்பொறி ஒரே சீராக எரியும், பழகுவோருக்கும் இலேசு. வீட்டு மின்சாரத்தையும் குறைவாகவே இழுக்கும். ஆனால் அதற்குள் இருப்பது வானொலிப் பெட்டியில் உள்ளது போன்ற இலத்திரனியல் பலகை. தூசும் எறும்பும் பல்லியும் உள்ளே போனால் ஒருநாள் புகைந்து நின்றுவிடும். பலகை எரிந்தால் பலவேளை புதிதாகவே வாங்க நேரிடும்.

அப்படியிருந்தும் சாதாரண வீட்டுக்கு இன்வேட்டரையே நான் சொல்வேன். காரணம் மின்சாரம். 2.5 மி.மீ. றொட்டுக்கு ஏறத்தாழ 80 அம்பியர் வேண்டும். அந்த அளவில் எரியும்போது றொட் நுனியில் 23 வோல்ற் அளவு இருக்கும். 80ஐ 23ஆல் பெருக்கினால் 1,840 வாற். இயந்திரத்துக்குள் வீணாவதையும் சேர்த்தால் சுவரிலிருந்து 2,300 வாற் அளவு போகும். இன்வேட்டர் மின்னோட்டத்தைச் சீராக இழுப்பதில்லை. ஆதலால் வயரில் ஓடுவது 14 அம்பியர் அளவாக இருக்கும். மின்மாற்றி வகையோ அதே 80 அம்பியருக்கு 20 அம்பியருக்கு மேல் இழுக்கும். உங்கள் வீட்டு இணைப்பு 30 அம்பியர் என்றால், மின்மாற்றி வேலை செய்யும்போது வீட்டு விளக்கு மங்கும், பக்கத்து வீட்டாரின் முகமும் மங்கும்.

13 அம்பியர் சதுரக்கால் பிளக்கில் இதை மாட்டாதீர்கள். அது மெல்ல மெல்ல உருகும். பிரதான பலகையிலிருந்து தனி பிரேக்கருடன் 4 சதுர மி.மீ. வயர் ஒன்றை மின்னியலாளரைக் கொண்டு இழுப்பியுங்கள். நில இணைப்பும் ட்ரிப் சுவிச்சும் வேலை செய்கின்றனவா என்று அப்போதே பார்ப்பியுங்கள். நீட்டு வயர் பாவிப்பதாயின் அதை முழுவதும் விரித்துவிட வேண்டும். சுருளாகக் கிடக்கும் வயர் தன் சூட்டில் தானே உருகும்.

மின்பிறப்பாக்கியில் வேலை செய்ய எண்ணுவோர் 5 கே.வி.ஏ. அளவுக்குக் குறைந்ததை நம்ப வேண்டாம். வீட்டு விளக்குக்கென வாங்கிய 2 கே.வி.ஏ. பெட்டி றொட்டைத் தொட்டதும் மூச்சுத் திணறும். அதன் வோல்ற் ஏறி இறங்குவது இன்வேட்டரையும் கொல்லும். 2022இல் நாளொன்றுக்குப் பல மணிநேரம் மின்சாரம் நின்றதையும் டீசலுக்கு வரிசையில் கிடந்ததையும் அனுபவித்தவர்கள் நாம். மின்பிறப்பாக்கியையும் சேர்த்து வாங்கினால்தான் இது பயன்படும் என்ற இடத்தில் கணக்கு வேறு.

அட்டையை வாசிக்கும் முறை

இயந்திரத்தின் முகப்பில் பெரிய எழுத்தில் 250 என்றோ 300 என்றோ அச்சிட்டிருப்பார்கள். அதை நம்பாதீர்கள். பின்பக்கத்திலுள்ள சிறிய அட்டையைப் பாருங்கள். அதில் உள்ளே போகும் அம்பியர், வெளியே வரும் அம்பியர், ஒரு சதவீதம் ஆகியவை இருக்கும். உள்ளே போவது கொடுப்பதைவிடக் குறைவாக இருக்க முடியாது என்பது இயற்கை விதி. 200 அம்பியர் தருகிறேன் என்று சொல்லும் இயந்திரம் 28 வோல்ற்றில் அதைத் தர வேண்டும். அது 5,600 வாற். வீணாவது எதுவுமே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் 230 வோல்ற்றில் 24 அம்பியர் உள்ளே போக வேண்டும். அட்டையில் 15 அம்பியர் என்று எழுதியிருந்தால் ஏதோ ஓர் எண் பொய். தாளும் பென்சிலும் உள்ள எவரும் கடையில் நின்றே போடக்கூடிய கணக்கு இது.

சதவீதம் என்பது பத்து நிமிடத்தில் எத்தனை நிமிடம் தொடர்ந்து ஒட்டலாம் என்பதைக் காட்டுகிறது. 160 அம்பியர், 60 சதவீதம் என்றால் ஆறு நிமிடம் ஒட்டி நான்கு நிமிடம் ஆற விட வேண்டும். 20 சதவீதம் என்று கண்டு பயந்துவிடவும் வேண்டாம். 2.5 மி.மீ. றொட் ஒன்று எரிய ஒரு நிமிடம் அளவே செல்லும். அதன் பின்னர் கசடு தட்டி, பார்த்து, அடுத்த றொட்டை மாட்டுவதற்குள் இயந்திரம் தானாகவே ஆறும். படலை செய்து விற்போருக்குத்தான் 60 சதவீதம் அவசியம். வீட்டுக்கு உண்மையான 120 முதல் 160 அம்பியர் தரும் இயந்திரமே போதும். முடிந்தால் கடையிலேயே நான்கு றொட்டை அடுத்தடுத்து எரித்துக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம்.

மின்கம்பி வரிசையின் கடைசியில் உள்ள வீடுகளில், தண்ணீர்ப் பம்பிகள் ஓடும் நேரம் வோல்ற் 200க்கும் கீழே இறங்குவதுண்டு. ஒரு மீற்றரை இரவல் வாங்கிக் காலை, மதியம், மாலை என மூன்று நாள் அளந்து குறித்துக்கொண்டு போங்கள். குறைந்த வோல்ற்றிலும் வேலை செய்வதாக அட்டையில் எழுதப்பட்ட இயந்திரத்தை அப்போது தேர்ந்தெடுக்கலாம்.

உறவினர் அனுப்பும் இயந்திரம் பற்றியும் சொல்ல வேண்டும். இலண்டனிலிருந்தோ ஜேர்மனியிலிருந்தோ வருவது நமது 230 வோல்ற்றுக்குப் பொருந்தும். கனடாவில் வீட்டுப் பிளக் 120 வோல்ற். அங்கே வாங்கிய 120 வோல்ற் மட்டும் ஏற்கும் பெட்டியை இங்கே மாட்டினால் முதல் நொடியிலேயே கதை முடியும். அனுப்பும் முன்னர் அட்டையைப் படம் பிடித்து அனுப்பும்படி கேளுங்கள். அன்புக்குக் குறைவாகாது.

எதை ஒட்டலாம், எதைத் தொடக்கூடாது

மெல்லுருக்கு, அதாவது கோண இரும்பு, பெட்டிக் குழாய், படலைத் தகடு, பெட்டியின் சட்டம், இரும்புச் சில்லின் தகடு ஆகியவை 6013 என்று குறித்த சாதாரண றொட்டுக்கு நன்றாக ஒட்டும். வட்டக் கலப்பைத் தட்டு, வில் தகடு, மண்வெட்டி அலகு ஆகியன கரி கூடிய உருக்கு. அவற்றை அவசரத்துக்கு ஒட்டினால் ஒட்டின ஓரத்திலேயே வெடிக்கும். வார்ப்பிரும்பு இயந்திர உறைகளுக்கு நிக்கல் றொட்டும் பழகிய கையும் வேண்டும். அவற்றைப் பட்டறைக்கே கொண்டுபோங்கள். ஜி.ஐ. குழாயின் நாகப் பூச்சு எரியும்போது வெண்புகை வரும். அதைச் சுவாசித்தவருக்கு அன்றிரவே குளிர்காய்ச்சல் காணும். ஒட்டும் இடத்தில் பூச்சை அராவி நீக்கி, காற்றுக்கு எதிர்ப்புறம் நிற்காமல் வேலை செய்ய வேண்டும்.

உழவு இயந்திரத்தில் ஒட்டுமுன் பற்றரியின் இணைப்பைக் கழற்றுங்கள். திரும்பு வயரின் கவ்வியை ஒட்டும் இடத்துக்கு அருகிலேயே பூட்டுங்கள். தூரத்தில் பூட்டினால் மின்னோட்டம் போல் பெயாரிங்குகளினூடே ஓடி அவற்றைக் கெடுக்கும். எண்ணெய்ப் பீப்பாயையும் பெற்றோல் தாங்கியையும், கழுவிக் காய்ந்தது என்று யார் சொன்னாலும், ஒட்டாதீர்கள். இரு முனையும் மூடிய குழாயில் முதலில் ஒரு துளையிடுங்கள்.

நமது மண்ணுக்கென்றே உரிய எச்சரிக்கை ஒன்று உண்டு. பழைய இரும்பு மலிவு என்பதால் காணியில் கிளறி எடுத்ததை, அல்லது சேகரிப்போர் கொண்டுவந்ததை, வெட்டி ஒட்டும் வழக்கம் இருக்கிறது. உருண்டையாகவோ நீள்குழாயாகவோ இருக்கும் எந்தப் பொருளும், அது என்னவென்று நிச்சயமாகத் தெரியாவிட்டால், பட்டறைக்குள் வரக்கூடாது. வெற்றுக் கோது என்று எண்ணியதற்குள் வெடிமருந்து இருந்தால், தீப்பொறி அதற்குப் போதும். கண்டால் தொடாமல், அடையாளம் வைத்துக் கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள். பிள்ளைகளையும் அந்தப் பக்கம் விடாதீர்கள்.

கிடுகு வேய்ந்த கொட்டிலுக்குள்ளும் வைக்கல் போருக்குப் பக்கத்திலும் ஒட்டவே கூடாது. பொறி பல அடி தூரம் பறக்கும். சிலவேளை கிடுகுக்குள் ஒளிந்திருந்து அரை மணிநேரம் கழித்தே பற்றும். தகரக் கூரை, மண் தரை, பக்கத்தில் இரண்டு வாளி தண்ணீர், இவை போதும். ஆனால் அந்தத் தண்ணீர் காலடியில் கசியக்கூடாது. ஈரத் தரையில் வெறுங்காலுடன் றொட்டை மாற்றியவர்கள் மின் தாக்கி இறந்ததுண்டு. காய்ந்த தோற் சப்பாத்தும், கையுறையும், காலுக்குக் கீழே காய்ந்த பலகையும் வேண்டும். மழை நாளில் வேலையை விடுங்கள்.

கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி என்று சந்தையில் விற்கும் வெயில் கண்ணாடி போதாது. 10 அல்லது 11ஆம் எண் வெல்டிங் கண்ணாடி உள்ள முகமூடி அவசியம். அதைவிட முக்கியம், சுற்றி நிற்கும் பிள்ளைகள். வெளிச்சம் அழகாகத்தான் இருக்கும். இரவில் கண்ணுக்குள் மணல் கொட்டினதுபோல் நோகும். ஒரு பழைய தகரத்தையோ தடித்த படங்கையோ மறைப்பாகக் கட்டிவிட்டே தொடங்குங்கள்.

முறையாகப் பழக விரும்பும் இளையோருக்கு, கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் திறக்கப்பட்ட இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிலையம் இயந்திரத் தொழில்நுட்பம் கற்பிக்கிறது. பெண்பிள்ளைகளும் தயங்க வேண்டியதில்லை. 80 அம்பியருக்குக் கைப்பலம் தேவையில்லை, கை நடுங்காமல் இருந்தாற் போதும். வீட்டில் பழகுவோர் 3 மி.மீ.க்குக் குறையாத தடிப்புள்ள கழிவுத் தகட்டில் நேர்கோடு இழுத்துப் பழகட்டும். மெல்லிய பெட்டிக் குழாய் முதல் நாளே ஓட்டை விழுந்து மனதை உடைக்கும்.

றொட்டை ஒரு கிலோவுக்கு மேல் வாங்கி அடுக்காதீர்கள். மாரியில் அது ஈரத்தை உறிஞ்சும். ஈரமான றொட் சீறும், ஒட்டில் குமிழி விழும். மூடி இறுக்கமான பால்மா ரின்னில் போட்டு அடுப்பங்கரைப் பரணில் வையுங்கள். 6013 இலேசாக ஈரம் பட்டாலும் நூறு பாகை அளவு சூட்டில் ஒரு மணிநேரம் வைத்தால் மீளும். 7018 அப்படியல்ல. அதற்கு முந்நூறு பாகைக்கு மேல் சூடு வேண்டும். வெயிலில் பரப்பினால் போதாது. ஆகையால் கடைக்காரர் அது பலமானது என்று சொன்னாலும், வீட்டுக்கு 6013 பெட்டியையே கேட்டு வாங்குங்கள்.