டிக்கிக் கதவு சுவிட்ச் பழுதானால் நாமே சரிசெய்வது எப்படி?



ஒரு காலத்தில் நம் பகுதி மளிகைக் கடைக்காரர்களுக்கு மூன்று சக்கர சைக்கிளும் மாட்டு வண்டியுமே துணை. 1984-இல் மாருதி வேன் வந்தது. பின்னாளில் ஆம்னி என்ற பெயரில் அது நம் கடை வாசல்களில் நின்றது. 2019-இல் அதன் உற்பத்தி நின்றுவிட்டது. இன்று அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிக் கடைக்காரர்களில் பலர், குடும்பத்துக்கும் கடைக்கும் சேர்த்து ஒரே காரை வைத்துக்கொண்டு, விடியற்காலையில் கோயம்பேடு போய்ச் சரக்கு ஏற்றி வருகிறோம்.

பழைய வேனில் சாவியைப் போட்டுத் திருகினால் பின்கதவு திறக்கும். இன்றைய கார்கள் பலவற்றில் நம்பர் பலகைக்கு மேலே, ரப்பர் மூடிய ஒரு சிறு சுவிட்சை அழுத்தினால்தான் டிக்கி திறக்கும். அந்தச் சுவிட்ச் படுத்துவிட்டால் சரக்கு உள்ளே, நாம் வெளியே!

எங்களுக்கு நேர்ந்ததையே சொல்கிறோம். ஒரு மழைக்காலத்து அதிகாலை, தக்காளி, கீரை, வெங்காய மூட்டைகளோடு கடைக்கு வந்து சேர்ந்தோம். சுவிட்சை அழுத்தினோம், சத்தமே இல்லை. பின் இருக்கை வரை மூட்டை அடுக்கியிருந்ததால் உள்வழியாகவும் போக முடியவில்லை. "என்ன அண்ணாச்சி, கீரை வரலியா?" என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லி மாளவில்லை. மெக்கானிக் வந்தபோது மணி பத்து. கீரை வாடிவிட்டது. "பூட்டு முழுவதையும் மாற்ற வேண்டும்" என்றார் அவர். பிறகு நாங்களே கழற்றிப் பார்த்தபோது, ரப்பர் வெடித்து உள்ளே தண்ணீர் இறங்கியிருந்தது. பூட்டில் ஒரு குறையும் இல்லை. அன்று கற்ற பாடத்தை உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

சுவிட்ச் எப்படி வேலை செய்கிறது?

அந்த ரப்பருக்கு அடியில் இருப்பது மிகச் சிறிய மைக்ரோ சுவிட்ச். அழுத்தும்போது இரண்டு ஒயர்கள் ஒன்றோடொன்று சேர்கின்றன. அந்தச் செய்தி காரின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குப் போகிறது. கதவுகள் பூட்டப்படாமல் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, டிக்கிப் பூட்டில் உள்ள சிறு மோட்டாருக்கு அது மின்சாரம் அனுப்புகிறது. ஆகவே திறக்காததற்குக் காரணம் சுவிட்ச், ஒயர், பியூஸ், பூட்டு, சாவி இவற்றில் எதுவாகவும் இருக்கலாம். எது என்று தெரியாமல் பொருள் வாங்குவது, எடை பார்க்காமல் மூட்டை வாங்குவது போலத்தான்.

நம் ஊர் வெயிலில் ரப்பர் காய்ந்து வெடிக்கிறது, அல்லது பிசுபிசுத்துப் போகிறது. எண்ணெய்க் கையால் அழுத்துவதும் அதற்கு ஆகாது. வெடிப்பு வழியே இறங்கும் மழைநீர் உள்ளே உள்ள செம்பைப் பச்சை பிடிக்க வைக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலிலும் நனைந்த வண்டிகளை எண்ணிப் பாருங்கள். தண்ணீர் வடிந்த அன்று ஓடிய வண்டியில்கூட, சில வாரம் கழித்துத்தான் இணைப்புகள் பச்சை பிடித்துத் தகராறு கொடுக்கும்.

குறையைக் கண்டுபிடிக்கும் வரிசை

1. எல்லாக் கதவுகளின் பூட்டையும் திறந்துவிட்டு அழுத்துங்கள். சாவி அருகில் இருந்தால்தான் திறக்கும் வகை வண்டியானால், சாவிக்குள் இருக்கும் சிறு பேட்டரியையும் மாற்றிப் பாருங்கள்.

2. சாவி ரிமோட்டிலோ ஓட்டுநர் இருக்கை அருகிலோ டிக்கிப் பொத்தான் இருந்தால் அதை அழுத்துங்கள். அதில் திறந்தால் பூட்டும் மோட்டாரும் நலம், வெளிச் சுவிட்சின் மேல்தான் சந்தேகம்.

3. மற்றக் கதவுகளின் பூட்டும் வேலை செய்யவில்லையென்றால் பியூஸைப் பாருங்கள். எந்தப் பியூஸ் எதற்கு என்பது பெட்டி மூடியிலோ கையேட்டிலோ இருக்கும். அதே அளவுப் பியூஸ்தான் போட வேண்டும். செம்புக் கம்பியைச் சுற்றி வைப்பது வண்டிக்குத் தீ வைப்பதற்குச் சமம்.

4. நம்பர் பலகை விளக்கும் பின் வைப்பரும் சேர்ந்து மக்கர் செய்தால், கீல் அருகே உள்ள ரப்பர் குழாயைப் பாருங்கள். டிக்கியைத் திறந்து மூடும்போதெல்லாம் அதற்குள் உள்ள ஒயர்கள் மடங்கி விரிகின்றன. நாளொன்றுக்குப் பலமுறை திறக்கும் வியாபாரி வண்டியில் அவை அறுந்துபோவது இயல்பு.

5. மோட்டார் சத்தம் கேட்டும் கதவு எழும்பவில்லையென்றால் பூட்டு இறுகியிருக்கிறது. ஒருவர் கதவை உள்நோக்கி அழுத்திப் பிடிக்க, மற்றவர் சுவிட்சை அழுத்தினால் பெரும்பாலும் விடும்.

அவசரத்துக்கு ஒரு வழி

பல கார்களில் டிக்கிக் கதவின் உட்புறம், அடிப்பகுதியில் ஒரு சிறு மூடியோ துளையோ இருக்கும். அதற்குள் உள்ள நெம்பை ஸ்குரூ டிரைவரால் தள்ளினால் பூட்டு விடுபடும். அது உங்கள் வண்டியில் எங்கே என்பதைக் கையேட்டைப் பார்த்து இன்றே தெரிந்துகொள்ளுங்கள். சரக்கு அடுக்கும்போது, ஓர் ஆள் உள்வழியாக அங்கே போய்ச் சேரும் அளவு இடம் விடுங்கள்.

கழற்றிச் சரிசெய்தல்

முதலில் டிக்கிக் கதவுக்கு ஒரு கட்டை முட்டுக் கொடுங்கள். தாங்கும் தண்டு தளர்ந்திருந்தால் கதவு கழுத்தில் விழும். சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றுங்கள். உள் பலகையின் கிளிப்புகளை மெல்லிய பிளாஸ்டிக் பட்டையால் நெம்பி எடுங்கள். ஒவ்வொரு படியையும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டால் திரும்பப் பூட்டுவது எளிது.

சுவிட்ச் கனெக்டரின் கொக்கியை அழுத்தி இழுங்கள், ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள். கழன்ற சுவிட்சில் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். சும்மா இருக்கும்போது சத்தம் வரக்கூடாது, அழுத்தினால் வர வேண்டும். அழுத்தியும் வராவிட்டால் சுவிட்ச் போய்விட்டது. அழுத்தாமலே வந்தால் உள்ளே ஒட்டிக்கொண்டது. விரல் பட்டாலே திறக்கும் எலெக்ட்ரானிக் வகைக்கு மட்டும் இந்தச் சோதனை பொருந்தாது. அதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

பச்சை மட்டும் பிடித்திருந்தால் காண்டாக்ட் கிளீனர் தெளித்து, மெல்லிய பிரஷ்ஷால் துடைத்து, நன்றாக உலர விடுங்கள். சுவிட்ச் செத்திருந்தால் முழுச் சுவிட்ச் வாங்கி மாட்டுவது எளிய வழி. சால்டரிங் தெரிந்தவர் வீட்டில் இருந்தால், ரிச்சி தெருவில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் அதே அளவு மைக்ரோ சுவிட்சைப் பற்றவைக்கலாம். நான்கு கால் உள்ள வகையில் எதிரெதிர் மூலையில் உள்ள இரு கால்களில் ஒயரைச் சேருங்கள். சி.என்.ஜி. வண்டியானால் சுவிட்சைத் தனியே எடுத்துப்போய் வீட்டுக்குள் பற்றவையுங்கள்.

பழைய ரப்பர் வெடித்திருந்தால் மாற்றுங்கள். ஓரங்களைச் சிலிக்கானால் அடைக்கும்போது, வினிகர் வாடை வீசும் வகை வேண்டாம். அது செம்பை அரிக்கும். வாடையற்ற நியூட்ரல் வகையைக் கேட்டு வாங்குங்கள். பேட்டரியை இணைத்து, பலமுறை சோதித்துப் பார்த்த பிறகே உள் பலகையைப் பூட்டுங்கள்.

செய்யக் கூடாதவை

வாரண்டி உள்ள வண்டியில் கை வைக்காதீர்கள், முதலில் கம்பெனியைக் கேளுங்கள். மின்சாரக் காரில் ஆரஞ்சு நிற ஒயர்களின் பக்கமே போகாதீர்கள். டிக்கி சரியாக மூடியதா என்று காட்டும் விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் அலட்சியம் வேண்டாம். இரவெல்லாம் உள்விளக்கு எரிந்து, கொள்முதலுக்குக் கிளம்பும் நேரத்தில் பேட்டரி இறங்கியிருக்கும். ஓடும் வண்டியில் கதவு திறந்துகொண்டால் மூட்டை மட்டுமல்ல, பின்னால் வருகிறவர் உயிரும் போகும்.

வாகன மின்சாதனங்கள் செய்யும் தொழிற்சாலைகள் பாடியிலும் அம்பத்தூரிலும் அரை நூற்றாண்டுக்கு மேலாக இயங்குகின்றன. அவற்றின் நிழலில் கடை நடத்தும் நாம், ஒரு சிறு சுவிட்சைத் திறந்து பார்க்கப் பயப்படலாமா? மெக்கானிக்கின் பிழைப்பைக் கெடுக்கச் சொல்லவில்லை. தெரிந்துகொண்டு அவரிடம் போனால், வேண்டாத செலவு நம் தலையில் விழாது. மழைக்காலம் தொடங்கும் முன் ஒரு ஞாயிறு மதியம் அரை மணி ஒதுக்கி, அந்த ரப்பரை ஒருமுறை தடவிப் பாருங்கள். வண்டி நலமாக இருந்தால்தான் வியாபாரம் நலமாக இருக்கும்.