தென்றலை நம்பி இராதேயுங்கள்

வேதபாடம்: அப்போஸ்தலர் 27-ஆம் அதிகாரம்



பவுல் எச்சரித்தும் கப்பலை எடுத்தார்கள். தென்றல் மெதுவாய் வீசியதே காரணம். கொஞ்ச நேரத்திலே யூரோக்கிலிதோன் என்னும் கடுங்காற்று மோதியது.

"கடல் அறுபது கிலோமீட்டர் தள்ளி இருக்குது, சின்ன காஞ்சிபுரத்துக்கு என்ன வரும் பாஸ்டர்?" என்று வீடு சந்திப்பில் என்னைக் கேட்கிறார்கள். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னை அருகே கரையேறி, உள்நாட்டுக்குள் மேற்கே நகர்ந்தது. தரையில் புயலின் பலம் குறையும், மெய்தான். ஆனால் வேகமாய் நகருகிற புயல், பலம் குறையுமுன்னே நம்மிடம் வந்துவிடும்.

எச்சரிக்கை வந்தவுடனே:

1. கூரைத் தகட்டை இறுக்கிக் கட்டுங்கள். காய்ந்த கிளைகளை வெட்டிவிடுங்கள்.
2. தறிக்குழியில் தண்ணீர் இறங்கும். பட்டுநூலையும் சரிகையையும் பிளாஸ்டிக் தாளில் சுற்றி உயரத்தில் வையுங்கள்.
3. ஓட்டு வீட்டார், காற்று தொடங்குமுன்னே கான்கிரீட் கட்டடத்துக்குப் போய்விடுங்கள்.
4. புயலின் கண் கடக்கும்போது காற்று சட்டென்று ஓயும். பிறகு எதிர்த்திசையிலிருந்து அடிக்கும். வர்தாவின்போது சென்னை இதைக் கண்டது. அந்த அமைதியிலே வெளியே வராதேயுங்கள்.

"ஜெபிக்கிறவனுக்கு இதெல்லாம் எதுக்கு?" என்பீர்களோ? தேவதூதனின் வாக்கைப் பெற்ற பவுலே, மாலுமிகள் கப்பலைவிட்டுப் போகக்கூடாது என்றார். எல்லாரையும் சாப்பிடவும் சொன்னார். கப்பல் உடைந்தது, 276 பேரும் கரை சேர்ந்தார்கள். ஜெபியுங்கள், கயிற்றையும் கட்டுங்கள்.