எம்ஜே 88 கட்டத்தில் ஒரு தென்னையும் இருபது மீட்டர் கம்பியும்

பாறசாலைப் பக்கத்து ஹாம்களுக்கு, அதாவது அமெச்சூர் வானொலிக்காரர்களுக்கு, ஒரு சின்னச் சங்கடம் உண்டு. வானொலியில் புதிதாக ஒருவர் கிடைத்தால், பெயர் கேட்ட கையோடு ஊர் கேட்பார். பாறசாலை என்றால் பெங்களூர்க்காரருக்கே விளக்கம் சொல்ல வேண்டும். ஜப்பான்காரரிடம் சொல்லி என்ன ஆகப் போகிறது? திருவனந்தபுரம் என்று சொன்னால் வீடு முப்பது கிலோமீட்டர் வடக்கே போய்விடும். கன்னியாகுமரி என்றால் மாநிலமே மாறிவிடும். களியக்காவிளையில் பால் வாங்கி, நெய்யாற்றின்கரையில் வரி கட்டி, வீட்டுக்குள் தமிழும் வாசலில் மலையாளமும் பேசுகிறவர்களுக்கு இந்தக் கேள்வி எப்போதும் கொஞ்சம் தடுமாற்றம்தான்.

ஹாம்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பூமி முழுவதையும் கட்டம் போட்டுப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு எழுத்தும் இரண்டு எண்ணும் கொடுத்திருக்கிறார்கள். 1980-இல் இங்கிலாந்தின் மெய்டன்ஹெட் என்ற ஊரில் கூடிப் பேசி எடுத்த முடிவு என்பதால் அந்த ஊரின் பெயரே முறைக்கும் நிலைத்துவிட்டது. ஒரு கட்டம் தீர்க்கரேகையில் 2 பாகை, அட்சரேகையில் 1 பாகை. நம் கட்டம் எம்ஜே 88. திருவனந்தபுரம், நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை, மார்த்தாண்டம், நாகர்கோவில், திருநெல்வேலி எல்லாமே இதற்குள் அடக்கம். 1956 நவம்பர் 1-ஆம் தேதி அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அன்று விழுந்த கோடு இந்தக் கட்டத்தின் குறுக்கே ஓடுகிறது. எஃப்டி 8 என்ற டிஜிட்டல் முறையில் அழைப்பு விடுக்கும்போது கால் சைன் என்ற அழைப்புப் பெயரோடு இந்த நான்கு குறிகளும் போகும். அழைப்பது கோட்டுக்கு இந்தப் பக்கத்து இஞ்சிவிளையா அந்தப் பக்கத்துக் களியக்காவிளையா என்று ஜப்பானில் கேட்பவருக்குத் தெரியாது. முதல் தடவை என் அழைப்புக்கு ஒரு ஜப்பான் நிலையம் திருப்பிப் பதில் தந்தபோது, திரையில் அந்த எம்ஜே 88-ஐ வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்தக் கட்டத்துக்குள் வானொலி நடத்திப் பார்த்ததில் தெரிந்துகொண்டதைச் சொல்வதென்றால், பெட்டியிலிருந்து தொடங்கக் கூடாது. கம்பியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் எந்த செட் வாங்கலாம் என்றுதான் கேட்கிறார்கள். இந்தியாவில் ஹாம்கள் அதிகம் புழங்கும் 40 மீட்டர் அலைவரிசைக்கு (7.0 முதல் 7.2 மெகாஹெர்ட்ஸ் வரை) முதலில் வேண்டியது டைபோல் என்னும் எளிய கம்பி ஆன்டெனா. 142.5-ஐ மெகாஹெர்ட்ஸ் எண்ணால் வகுத்தால் கம்பியின் மொத்த நீளம் மீட்டரில் கிடைக்கும். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு 20 மீட்டர் 7 சென்டிமீட்டர். நடுவில் வெட்டி, பக்கத்துக்குப் பத்து மீட்டர். வீட்டு வயரிங்குக்கு வாங்கும் உறை போட்ட செம்புக் கம்பியே போதும். உறை இருப்பதால் கம்பி கணக்கைவிடக் கொஞ்சம் குட்டையாகவே ஒத்திசையும். அதனால் அரை மீட்டர் கூட்டி வெட்டி, மேலே ஏற்றி, எஸ்டபிள்யூஆர் மீட்டரை (ஆன்டெனாவிலிருந்து சக்தி திரும்பி வருவதைக் காட்டுவது) பார்த்துப் பார்த்து நறுக்குவதுதான் புத்தி. குட்டையாக வெட்டிவிட்டால் ஒட்டுப்போட வேண்டிவரும். ஒட்டுப்போட்ட இடத்தில்தான் மழைக்காலத்தில் பச்சை பூக்கும்.

கம்பியை எதில் கட்டுவது? இந்தப் பக்கம் கோபுரம் எழுப்ப வேண்டியதில்லை, தென்னை இருக்கிறது. முதல் தடவை, தேங்காய் வெட்ட வந்தவரிடமே கயிற்றைக் கொடுத்து, நன்றாக இழுத்துக் கட்டச் சொன்னேன். அவர் மரத்தில் இருந்தபடியே கீழே பார்த்துச் சொன்னார்: "அண்ணா, காத்தடிச்சா மரம் ஆடுமில்லியா? இப்பிடி வலிச்சுக் கெட்டுனா கம்பி அறுந்துபோவும், கேட்டியளா." நான் கேட்கவில்லை. இடவப்பாதி மழை தொடங்கிய மூன்றாம் நாள் கம்பி வாழைத் தோட்டத்தில் கிடந்தது. அடுத்த தடவை அவர் சொன்னபடி செய்தோம். கொண்டைக்குக் கீழே ஒரு கப்பி. அதன் வழியாகக் கயிறு. கயிற்றின் தரைப்பக்க நுனியில் ஒரு செங்கல். மரம் சாயும்போது செங்கல் மேலே போகிறது, நிமிரும்போது கீழே இறங்குகிறது, கம்பியின் இழுவை மாறுவதே இல்லை. மூன்று மழைக்காலம் பார்த்துவிட்டது அந்தக் கம்பி.

பத்து மீட்டர் உயரம் என்பது 40 மீட்டர் அலைவரிசைக்குக் கால் அலைநீளம். அந்த உயரத்தில் டைபோல் தன் சக்தியில் பெரும்பகுதியைச் செங்குத்தாக மேலே அனுப்பும். அது அயனி மண்டலத்தில் பட்டு, குடை விரித்தாற்போலச் சுற்றிலும் இறங்கும். கொச்சியோடும் மதுரையோடும் பெங்களூரோடும் பேச அதுதான் வேண்டும். மலை மறைக்குமே என்ற கவலை இதில் இல்லை. ஆனால் நடுப்பகலில் முயன்று ஏமாந்து, செட்டைக் குறை சொல்கிறவர்கள் உண்டு. நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் உச்சி வெயில் நேரே தலைமேல் விழும்போது, அயனி மண்டலத்தின் அடி அடுக்கு இந்த அலைகளை விழுங்கிவிடுகிறது. காலை ஆறரை முதல் ஒன்பது வரை, பிறகு வெயில் சாய்ந்தபின் என்று வைத்துக்கொண்டால் பாதி ஏமாற்றம் குறையும்.

மழையைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். கேரளத்துக்கு இரண்டு மழைக்காலம், கம்பியிலிருந்து செட்டுக்கு வரும் கேபிளுக்கு இரண்டு எதிரி. ஒரு வருடம் ஜூலையில் எஸ்டபிள்யூஆர் 1.3-லிருந்து மெல்ல ஏறி 4-ஐத் தாண்டியது. செட்டைக் கழற்றிப் பார்த்தேன், கம்பியை அளந்து பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில் மேல்முனையில் இருந்த கனெக்டரைத் திருகித் திறந்தபோது ஒரு கரண்டி தண்ணீர் கையில் வழிந்தது. திரி எண்ணெயை இழுப்பதுபோல, கேபிளின் பின்னல் கம்பி மழைநீரை உள்ளே இழுத்து வைத்திருக்கிறது. உறையைக் கீறிப் பார்த்தால் செம்பு ஒரு மீட்டர் தூரத்துக்குக் கறுத்துப்போயிருந்தது. இப்போது கனெக்டருக்கு மேல் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப் ஒரு சுற்று, அதன்மேல் சாதாரணப் பிவிசி டேப் ஒரு சுற்று. டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்ற வேண்டும். ஓடு வேய்வதுபோல மேல் மடிப்பு கீழ் மடிப்பின்மேல் படியும். வீட்டுக்குள் நுழையுமுன் கேபிளை ஒரு வளைவாகத் தாழ்த்தி விட்டால், வழிந்து வரும் நீர் அங்கேயே சொட்டிவிடும். பூவார், பொழியூர் கரையில் இருப்பவர்கள் உப்புக் காற்றையும் கணக்கில் சேர்த்து, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பிரித்துப் பார்ப்பது நல்லது.

இடி வேறு விஷயம். துலா (ஐப்பசி) மாதத்துப் பிற்பகல் இடியை வெளியூர்க்காரருக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. கேரள மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் எச்சரிக்கைகள் பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 மணி வரை கவனம் என்று திரும்பத் திரும்பச் சொல்கின்றன. ஹாம்களுக்கு அது கட்டளை. கேபிளைச் செட்டிலிருந்து கழற்றி மேசைமேலேயே போட்டு வைப்பது போதாது. சன்னலுக்கு வெளியே இறக்கிவிட வேண்டும். முதல் முழக்கம் கேட்டபிறகு அதைத் தொடக் கூடாது. மேகம் கறுக்கும்போதே, சந்தேகம் வந்தபோதே கழற்றுவதுதான் பழக்கமாக வேண்டும்.

அடுத்தது இரைச்சல். நகரத்து ஹாம்களின் தலைவலி என்று நினைத்திருந்தது, எல்இடி பல்புகளும் இன்வெர்ட்டர்களும் வந்தபின் ரப்பர் தோட்டத்து வீடுகளுக்கும் வந்துவிட்டது. ஒரு மாலை, 40 மீட்டரில், செட்டின் சிக்னல் மீட்டர் எஸ் 9 காட்டும் அளவுக்கு ஒரே உறுமல். செட்டை பேட்டரியில் போட்டுவிட்டு வீட்டு மெயினை அணைத்தேன். உறுமல் குறையவில்லை, ஆக வெளியேதான். பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவை மத்திய அலையில், திருவனந்தபுரம் நிலையத்தின் 1161 கிலோஹெர்ட்ஸைத் தாண்டி ஆளில்லாத இடத்தில் வைத்துக்கொண்டு வேலியோரமாக நடந்தேன். அதற்குள் இருக்கும் ஃபெரைட் கம்பிக்குத் திசை தெரியும். பெட்டியைத் திருப்பத் திருப்ப இரைச்சல் ஏறி இறங்கும். மூன்றாவது வீட்டுத் திண்ணையில் போய் நின்றது. "சேச்சி, இந்த டியூபை ஒரு நிமிஷம் அணையுங்க" என்றேன். அணைத்ததும் அமைதி. வேறொரு டியூப் வாங்கி நானே மாட்டிக் கொடுத்தேன். மீட்டர் எஸ் 4-க்கு இறங்கியது. ஓர் எஸ் அளவு என்பது 6 டெசிபெல். ஐந்து அளவு என்றால் 30 டெசிபெல், அதாவது இரைச்சலின் சக்தி ஆயிரத்தில் ஒரு பங்காகிவிட்டது. 10 வாட் செட்டை விற்று 100 வாட் செட் வாங்கினால் கூடுவது வெறும் 10 டெசிபெல். இந்தக் கணக்கைச் செட் வாங்கக் கிளம்பும் எல்லாரிடமும் சொல்கிறேன்.

செட் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் 2003-இல் வெளியிட்ட பிட்எக்ஸ் 20 வரைபடம் இந்திய ஹாம்களுக்குக் கிடைத்த பெரும் கொடை. இங்கே கடையில் கிடைக்கும் சாமான்களை வைத்தே குரல் பேசும் செட்டை வீட்டில் கட்டலாம் என்று அது காட்டியது. காயில் சுற்றக் கிடைக்காத ஃபெரைட் வளையத்துக்குப் பதில் தண்ணீர்க் குழாயின் வாஷரையே அவர் பயன்படுத்தினார். களியக்காவிளைச் சந்தைக்கு அருகே ஒரு ஹார்டுவேர் கடையில் அந்த வாஷர்களைப் பத்து பத்தாக வாங்கியபோது, எத்தனை குழாய் ஒழுகுகிறது என்று கடைக்காரர் கவலையோடு கேட்டார். பிறகு வந்த பிட்எக்ஸ் 40, மைக்ரோபிட்எக்ஸ் ஆகியவை உலகமெங்கும் போயின. சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு இன்றும் இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை.

கையடக்க வாக்கி டாக்கி வாங்குகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இணையக் கடைகளில் உரிம விவரம் சொல்லாமல் விற்கப்பட்ட செட்கள் பற்றி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025 மே மாதம் விதிமுறைகள் வெளியிட்டது. கடையில் கிடைக்கிறது என்பதாலேயே பேசிவிட முடியாது. ஹாம் உரிமத்துக்கு 12 வயது நிறைந்தால் போதும். தேர்வு இரண்டு நிலை; பொதுநிலைக்கு மோர்ஸ் தந்தி தெரிய வேண்டும், கட்டுப்பாட்டு நிலைக்கு வேண்டாம். தேர்வு எழுதியபின் காத்திருப்பு நீளும். அந்த மாதங்களில் கம்பி கட்டிக் காது கொடுத்துக் கேட்டுப் பழகியவர்கள்தான், உரிமம் வந்தபின் பதறாமல் பேசுகிறார்கள்.

கையடக்க செட்டோடு வெளி ஆன்டெனாவை மாட்டும்போதுதான் கேபிளின் தரமும் உறைக்கும். மெல்லிய ஆர்ஜி 58 கேபிள் 7 மெகாஹெர்ட்ஸில் பெரிதாக ஒன்றும் கெடுக்காது. அதையே 30 மீட்டர் இழுத்து 145 மெகாஹெர்ட்ஸுக்குப் பயன்படுத்தினால், சக்தியில் முக்கால் பங்கு கேபிளிலேயே சூடாகிப் போகும்.

145 மெகாஹெர்ட்ஸ் போன்ற அலைகள் நேர்கோட்டில் போகிறவை என்பது கடற்கரைக் கிராமங்களுக்கு உயிர்ப் பிரச்சினை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது பொழியூரிலிருந்தும், எல்லைக்கு அப்பால் நீரோடி, வள்ளவிளை, தூத்தூரிலிருந்தும் போன மீனவர்கள் ஆழ்கடலில் இருந்தார்கள். கரையின் எச்சரிக்கை அவர்களை எட்டவில்லை. ஆன்டெனா உயரத்தின் (மீட்டரில்) வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் அதன் வானொலி அடிவானம் கிலோமீட்டரில் வரும். நான்கு மீட்டர் உயர ஆன்டெனா வைத்த இரண்டு படகுகள் ஒன்றோடொன்று பேச 16 கிலோமீட்டர்தான் எல்லை. படகுக்கு உரிய கடல்சார் செட் வேறு, அதன் உரிமம் வேறு; ஹாம் செட்டைத் தொழிலுக்குக் கொடுக்கக் கூடாது. ஆனால் இந்தக் கணக்கைப் படகுக்காரர்களோடு உட்கார்ந்து பேச ஹாம்களால் முடியும், பேச வேண்டும்.

ஆபத்து நேரத்தில் ஹாம்கள் கைகொடுத்ததும் உண்டு. 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையில் ஒரு ஹாம் குழு, உலகத்து ஹாம்களோடு பேசுவதற்காகவே போர்ட் பிளேர் போயிருந்தது. 26-ஆம் தேதி சுனாமி வந்தது. பொழுதுபோக்குக்காகக் கட்டிய அதே ஆன்டெனாவில்தான் தீவுக்காரர்களின் நலச் செய்திகள் கரைக்கு வந்தன. 2024 ஜூலை 30 வயநாடு நிலச்சரிவின்போதும் கல்பற்றா ஆட்சியர் அலுவலகத்தில் ஹாம்கள் நிலையம் அமைத்தார்கள். ஆபத்து வந்தபின் கம்பி கட்டத் தொடங்கினால் நேரம் இருக்காது.

வானத்தைப் பார்க்கும் வேலையில் இந்த ஊருக்குத் தனி உறவு உண்டு. இங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் தும்பா. பூமியின் காந்த நடுக்கோடு அதன் அருகே போவதால்தான் 1963 நவம்பர் 21-ஆம் தேதி முதல் ராக்கெட்டை அங்கிருந்து ஏவினார்கள். அது மாலை வானத்தில் விட்ட சோடியம் புகையைச் சுற்றுவட்டாரமே பார்த்தது. 2005 மே 5-ஆம் தேதி பிஎஸ்எல்வி சி 6 ஏற்றிப்போன, 42.5 கிலோ எடையுள்ள ஹாம்சாட் செயற்கைக்கோள், 2014 வரை உலகத்து ஹாம்களுக்கு உழைத்தது. சர்வதேச விண்வெளி நிலையத்தின் குரலை 145.8 மெகாஹெர்ட்ஸில் கையடக்க செட்டிலேயே கேட்கலாம். அது ஒரு தடவை நம் வானத்தைக் கடந்துபோவது பத்து நிமிடம் நீடித்தால் அதிகம். 2025 ஜூலையில் சுபான்ஷு சுக்லா அங்கிருந்து ஹாம் ரேடியோவில் மாணவர்களோடு பேசினார்.

இப்போது எனக்கு ஆசை கத்தாரின் எஸ்ஹெயில் 2 செயற்கைக்கோள்மேல். 2018-இல் ஏவப்பட்ட அதில் ஹாம்களுக்கென ஒரு டிரான்ஸ்பாண்டர் இருக்கிறது. புவிநிலைச் சுற்றுப்பாதையில் இருப்பதால் நாள் முழுவதும் நின்ற இடத்தில் நிற்கும். பாறசாலையிலிருந்து பார்த்தால் ஏறக்குறைய நேர் மேற்கு, அடிவானத்திலிருந்து 31 பாகை. டிஷ் வாங்கி வைத்தாயிற்று. மொட்டை மாடியில் நின்று அளந்தால் சரியாக அந்தக் கோணத்தில் பக்கத்து வளவின் சக்கை (பலா) மரம் நிற்கிறது, கிளை நிறையக் காய்த்து. அதை வெட்டச் சொல்ல மனம் வரவில்லை. அடுத்த தேங்காய் வெட்டுக்கு அந்த மரமேறுபவர் வரும்போது, டைபோலின் கயிற்றை மாற்றிவிட்டு, கிணற்றடியிலிருந்து மேற்கு தெரிகிறதா என்று மரத்தில் இருந்தபடியே பார்த்துச் சொல்லக் கேட்டிருக்கிறேன்.